எம்.எஸ். ப்ளூ கத்திரிப்பூ ஆன கதை

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பதிவுப் பக்கம் எட்டிப் பாக்கவே முடியலை. இந்த சனிக்கிழமை எப்படியாவது இதை எழுதிடறதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி போட்டுட்டு வந்து படிங்க மக்களே.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல நாம பாத்துப் பாத்து வச்ச கலர், அச்சாகி வரும்போது வேற கலரா வருது. உடனே பிரஸ்காரரைத் திட்டறோம். இங்க எழுதறவங்கள்ல பாதி பேர் பதிவுகளைத் தொகுத்துப் புத்தகம் போட ஆரம்பிச்சாச்சு. நூறு காப்பி, இருநூறு காப்பின்னு போடறோம், அட்டையையும் நாமளே டிசைன் பண்ணிக்கிறோம். புத்தகக் கண்காட்சி சீசன் வந்தா "அட்டை சொதப்பிட்டானுங்க"ங்கிற புலம்பல் தவறாம வரும். நானும் அப்படிப் புலம்பின ஆள்தான். இப்ப என் கருத்து மாறிப்போச்சு. இந்தச் சண்டையில பெரும்பாலும் தப்பு ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருக்கிற நம்ம பக்கம்தான். தண்டனை மட்டும் மெஷின் பக்கத்துல நிக்கிற ஆளுக்குப் போகுது. எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? அந்தத் தண்டனையைக் கொடுத்தவனே நான்தான்.

2023 ஆவணியில தங்கச்சிக்குக் கல்யாணம். பத்திரிகை டிசைன் என் பொறுப்புன்னு வீட்ல அறிவிச்சுட்டேன். பொட்டி தட்டறவன் வீட்ல இருக்கும்போது வெளிய எதுக்குக் காசு கொடுக்கணும்ங்கிற திமிர்தான். அம்மா போட்டது ஒரே ஒரு கண்டிஷன். பத்திரிகை அவங்க கல்யாணப் பட்டுச்சேலைக் கலர்ல இருக்கணும். எம்.எஸ். ப்ளூ. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டி, அவங்க பேராலயே நின்னுபோன நீலம். (பேர் என்னவோ ஒண்ணுதான். ஜவுளிக்கடைக்குக் கடை வேற வேற நீலத்தை எடுத்துப் போட்டு "இதாம்மா ஒரிஜினல் எம்.எஸ். ப்ளூ"ன்னு சத்தியம் பண்ணுவாங்க. இந்த அடைப்புக்குறி விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வருது.)

நான் என்ன பண்ணேன்? ராத்திரி ஒன்பது மணிக்கு ரூம் டியூப்லைட்ல சேலையை விரிச்சு மொபைல்ல போட்டோ எடுத்தேன். லேப்டாப்ல போட்டு, போட்டோவுல ஒரு இடத்துல கலரை உறிஞ்சி எடுத்தேன். கொஞ்சம் டல்லா தெரிஞ்சுது. பளிச்சுனு வர்ற மாதிரி ஏத்தினேன். வாட்ஸ்அப்ல அம்மாவுக்கு அனுப்பினேன். அவங்க போன்ல பாத்துட்டு "அப்படியே இருக்குடா"ன்னாங்க. பி.டி.எஃப்.பை சிவகாசிக்கு அனுப்பிட்டேன். 500 பத்திரிகை. மொத்தம் 11,000 ரூபா, அட்வான்ஸ் 7,000.

பார்சல் வந்துச்சு. பிரிச்சா கத்திரிப்பூ கலர்! லேசான சாயல் எல்லாம் இல்லை, சாட்சாத் கத்திரிச்செடியில பூக்கிற அதே கலர்.

பிரஸ் முதலாளி அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஃபைல்ல நீலமாத்தான இருக்கு? உங்க மெஷின்தான் சரியில்லை." அவர் பொறுமையா, "தம்பி, ஃபைல்ல என்ன இருந்துச்சோ அதான் தாள்ல வந்திருக்கு"ன்னார். அப்போ அது எனக்கு அப்பட்டமான பொய்யாத் தெரிஞ்சுது. பாக்கி 4,000 தர முடியாதுன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். மறுபடி அடிக்க நாள் இல்லை. அதையேதான் ஊருக்கெல்லாம் கொடுத்தோம். அம்மா ஒண்ணும் சொல்லலை. "கத்திரிப்பூவும் மங்களமான கலர்தாண்டா"ன்னாங்க. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கடுப்பு.

இனி கொஞ்சம் டெக்னிக்கல். பயப்படாதீங்க, நமக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

டிடிபி சென்டர்ல பாமினி ஃபான்ட்ல அடிச்ச மேட்டரை அப்படியே எடுத்து மெயில்ல ஒட்டிப் பாத்திருக்கீங்களா? தமிழ் போய் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா நிக்கும். மேட்டர் கெட்டுப்போகலை. உள்ள இருக்கிற எண்கள் அதேதான். எந்த என்கோடிங்ல படிக்கணும்ங்கிற தகவல்தான் கூட வரலை. டிஸ்கி, டேப், டேம்னு ஆளுக்கொரு எழுத்துரு வச்சு நம்ம முன்னோடிப் பதிவர்கள் பட்ட பாடு தெரியும்ல? ஆளுக்கொரு கன்வர்ட்டர் வச்சுக்கிட்டு அலைஞ்சிருக்காங்க. யூனிகோடு வந்து அந்தப் பஞ்சாயத்து முடிஞ்சுது.

கலரும் அதேதான். ஃபைல்ல இருக்கிறது கலர் இல்லை, எண். சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255ன்னு ஒரு எண். அந்த 255 எந்த நீலம்? உங்க மானிட்டரோட நீலமா, என் போனோட நீலமா? எண்ணுக்குப் பக்கத்துலயே "இது இன்ன கலர்வெளியில படிக்க வேண்டியது"ன்னு ஒரு சீட்டு ஒட்டணும். அதுதான் ஐ.சி.சி. புரொஃபைல். 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஆரம்பிச்ச அமைப்பு ஐ.சி.சி. ஸ்கேனர், மானிட்டர், பிரின்டர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு புரொஃபைல், நடுவுல எல்லாருக்கும் பொதுவான ஒரு அளவுகோல். அவங்க கொண்டு வந்த முறை இதுதான். வெப் பக்கம் நாம பாக்கிற எஸ்.ஆர்.ஜி.பி. 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வச்சது. சீட்டு இல்லாத படம் வந்தா பெரும்பாலான புரோகிராம்கள் "சரி, எஸ்.ஆர்.ஜி.பி.யா இருக்கும்"னு எடுத்துக்கும்.

அந்தப் பொது அளவுகோல் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறது சுவாரஸ்யமான கதை. 1920களோட கடைசியில இங்கிலாந்துல ரைட், கில்ட்னு ரெண்டு பேர் தனித்தனியா ஒரு சோதனை பண்ணாங்க. சிவப்பு, பச்சை, நீல விளக்கை எவ்வளவு கலந்தா ஒரு குறிப்பிட்ட கலர் மாதிரி கண்ணுக்குத் தெரியும்னு ஆட்களை உக்கார வச்சுக் கேட்டாங்க. ஒருத்தர்கிட்ட பத்துப் பேர், இன்னொருத்தர்கிட்ட ஏழு பேர். அந்தப் பதினேழு ஜோடிக் கண்ணை வச்சுத்தான் 1931இல் சி.ஐ.இ. தரம் உருவாச்சு. இன்னைக்கும் கலர் அளக்கிற கருவி எல்லாம் அது மேலதான் நிக்குது. எங்கம்மா கண்ணு அந்தப் பதினேழுல இல்லைங்கிறது வேற விஷயம் :-)

இப்ப என் நீலத்துக்கு என்ன ஆச்சுன்னு பாப்போம். ஸ்கிரீன் வெளிச்சத்தை உமிழுது. தாள் அப்படி இல்லை. மேல விழற வெளிச்சத்துல கொஞ்சத்தை மை தின்னுட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புது. பிரஸ்ல இருக்கிறது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை. நீல மைன்னு தனியா ஒண்ணு கிடையாது. சியான் மேல மெஜந்தாவைப் போட்டாத்தான் நீலம். ஸ்கிரீன்ல இருக்கிற சுத்தமான நீலத்தை, அந்த 0, 0, 255ஐ, போட்டோஷாப்போட பழைய அமெரிக்க செட்டிங்ல சி.எம்.ஒய்.கே.வா மாத்தினா வர்ற எண் சியான் 88, மெஜந்தா 77. ரெண்டுக்கும் பதினொண்ணுதான் வித்தியாசம். மெஜந்தா அவ்வளவு கிட்ட வந்துட்டா கண்ணுக்கு ஊதாதான். நான் பளிச்சுனு ஏத்தி வச்ச நீலம் இதுக்குப் பக்கத்து வீடு.

அந்த அமெரிக்க செட்டிங்கோட பேரே காமெடி. யு.எஸ். வெப் கோட்டட். வெப்னா இன்டர்நெட் இல்லைங்க, உருளையில ஓடற பேப்பர்! அமெரிக்காவுல பத்திரிகை அடிக்கிற ரோல் மெஷினுக்கும், பூச்சுள்ள வழவழ பேப்பருக்கும் போட்ட கணக்கு அது. எங்க பத்திரிகை அடிச்சது சிவகாசியில, ஒவ்வொரு ஷீட்டா போற மெஷின்ல, பூச்சு இல்லாத சொரசொர அட்டையில. பூச்சு இல்லாத தாள் மையை உறிஞ்சும், புள்ளி ஊறி விரியும், கலரோட உயிர் போகும். சாதாரணமாவே ஃபைல்ல 50 சதவீதம்னு வச்ச புள்ளி, தாள்ல கிட்டத்தட்ட 70 மாதிரி தெரியும். இதுக்கு டாட் கெயின்னு பேரு. சொரசொர தாள்ல இன்னும் மோசம். ஊர் வேற, பேப்பர் வேற, மெஷின் வேற, கணக்கு மட்டும் எங்கேயோ அமெரிக்காவுலேர்ந்து. நான் அனுப்பினது சீட்டே ஒட்டாத ஆர்.ஜி.பி. ஃபைல்ங்கிறதையும் சேத்துக்குங்க. அதை அங்க இருந்த கம்ப்யூட்டர் அதுக்குத் தோணின மாதிரி மாத்தியிருக்கு.

ஸ்கிரீன் லட்சணத்தையும் சொல்லிடறேன். பட்ஜெட் லேப்டாப்போட ஸ்பெக்ல 45% என்.டி.எஸ்.சி.ன்னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். எஸ்.ஆர்.ஜி.பி. வட்டத்தையே முழுசா காட்டாத பேனல்னு அதுக்கு அர்த்தம். அதுலதான் "கொஞ்சம் டல்லா இருக்கே"ன்னு நான் கலரை ஏத்தினேன். அம்மா போன் நேர் எதிர். எல்லாத்தையும் தூக்கிக் காட்டற விவிட் மோடு. டியூப்லைட்ல எடுத்த போட்டோவுக்கு மொபைல் தானா ஒரு வெள்ளையைக் கற்பனை பண்ணிக்கும், அது தனிக்கதை. ஆக, சேலையோட உண்மையான கலர் இந்த வழி நெடுக எந்த இடத்துலயும் ஆஜராகவே இல்லை. அச்சு வரைக்கும் போகவே வேணாம், மொதல் அடியிலயே தொலைஞ்சாச்சு. ஆனா நான் பழி போட்டது கடைசி ஆள் மேல.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது போன வருஷம். நண்பர் ஒருத்தரோட சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை பண்ண வேண்டியிருந்துச்சு. மொதல் ஐம்பது காப்பியை டிஜிட்டல்ல அடிச்சாங்க. அட்டையில கரிசல் மண் பின்னணியில செம்மண் நிறம். நல்லா வந்துச்சு. அடுத்து முந்நூறு காப்பியை ஆஃப்செட்ல போடலாம்னாங்க. நண்பருக்கு ஊர் விருதுநகர் பக்கம். "நம்ம பிரஸ்ல போட்டுக்கலாம், தெரிஞ்ச அண்ணாச்சி"ன்னு கூட்டிட்டுப் போனார். போய் இறங்கினா அதே பிரஸ்!

எஸ்கேப் ஆகலாம்னுதான் மொதல்ல தோணுச்சு. அண்ணாச்சி என்னை அடையாளம் கண்டுக்கிட்டார். ஆனா ஒண்ணும் சொல்லலை, டீ வாங்கிக் கொடுத்தார். ஆடி பதினெட்டு நெருங்கற நேரம். சிவகாசியில அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடற நாள் அது. பிரஸ் முழுக்க முருகனும் லட்சுமியும் அடுக்கடுக்கா காஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பேச்சுவாக்குல, "அந்தக் கல்யாணப் பத்திரிகை ஏன் அண்ணாச்சி அப்படி ஆச்சு?"ன்னு கேட்டேன். "மெஷின்மேன்கிட்டயே கேளுங்க தம்பி"ன்னு உள்ள அனுப்பிட்டார்.

மெஷின்மேன் அண்ணனுக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். அவருக்கு வேலை ஞாபகம் இருந்துச்சு. "நீல அட்டைதான தம்பி? மெஜந்தா தூக்கிருந்துச்சு. குறைக்கலாம்னுதான் பாத்தேன், பக்கத்துல குங்குமக் கலர் அட்டை ஒண்ணு இருந்துச்சு"ன்னார். எனக்குப் புரியலை. மெஷின் பக்கம் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். மை தொட்டியோட அகலத்துக்கு வரிசையா சாவிகள். ஒவ்வொரு சாவியும் தாளோட ஒரு பட்டைக்கு மட்டும் மையைக் கூட்டும், குறைக்கும். தாள் ஓடற திசையில அந்தப் பட்டையில இருக்கிற எல்லாத்துக்கும் அதே மைதான். செலவு குறையணும்னு ஒரே பெரிய ஷீட்ல நாலஞ்சு வீட்டுப் பத்திரிகையைச் சேத்து அடிப்பாங்க. எனக்காக மெஜந்தாவைக் குறைச்சா, அதே பட்டையில இருக்கிற இன்னொரு வீட்டுக் குங்குமம் செங்கல் கலர் ஆயிடும். யாரோட பத்திரிகையைக் காப்பாத்தறது? ஃபைல்ல என்ன எண் இருக்கோ அதுபடி ரெண்டையும் ஓட்டியிருக்கார். சரியான முடிவுதான் அது.

அப்புறம் ஒண்ணு சொன்னார் பாருங்க. "நீலம் நீலமா நிக்கணும்னா சியானை விட மெஜந்தா முப்பதாவது கம்மியா இருக்கணும் தம்பி. கிட்ட வந்துச்சுன்னா கத்திரிப்பூதான்." நான் படிச்சது நாலு வருஷம் இன்ஜினியரிங். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பேப்பர்ல எம்பது மார்க்கு வேற. இந்த ஒரு வரியை எனக்கு யாருமே சொல்லிக் கொடுத்ததில்லை.

"சேலைக் கலர்தான் வேணும்னா நாலு கலர்ல எதுக்கு அடிக்கணும்? சேலையோட ஒரு நூலைக் கொண்டாந்திருந்தாப் போதுமே. மையைக் கலந்தே போட்டிருப்போம்ல"ன்னார். கண்ணாடிப் பலகையில ரெண்டு மூணு மையை வச்சு, கத்தியால குழைச்சு, தாள்ல விரலால ஒரு தட்டு தட்டிப் பாத்து, நூலுக்குப் பக்கத்துல வச்சு ஒத்துப்போற வரைக்கும் கலக்கறது அவங்களுக்கு அன்றாட வேலை. ஸ்பெஷல் கலர்ங்கிறாங்க. பான்டோன் நிறுவனம் 1963இல் எண் போட்டுப் புத்தகமா வித்ததும் இதே வித்தையைத்தான். (அந்த எண்களும் சும்மா இல்லை. 2022 நவம்பர்ல அடோபி புரோகிராம்கள்ல பான்டோன் நூலகத்துக்குத் தனிச் சந்தான்னு ஆயிப்போய், காசு கட்டாதவங்களோட பழைய ஃபைல்கள்ல அந்தக் கலர் இருந்த இடமெல்லாம் கறுப்பா மாறிப்போச்சு. கலருக்கு வாடகை!) எங்கம்மா பீரோவுல இருந்த சேலையோட முந்தானைக் குஞ்சத்துல ஒரு இழையை வெட்டிக் கொண்டு போயிருந்தா முடிஞ்சிருக்கும். எம்.எஸ். ப்ளூன்னு பேர் சொன்னா ஆளுக்கொரு நீலம். நூலைக் காட்டினா ஒரே நீலம்.

கிளம்பறப்பதான் அண்ணாச்சி சொன்னார். நான் கொடுக்காத அந்த 4,000ஐ ரெண்டு மாசமா மெஷின்மேன் சம்பளத்துல பிடிச்சிருக்கார். "எனக்கும் கஷ்டம் தம்பி, அட்டை விலை என் கைக்காசு"ன்னார். அண்ணாச்சி மேல கோவம் வந்துச்சு. ஆனா கோவப்பட எனக்கு என்ன தகுதி இருக்கு? ஏ.டி.எம். போய்ட்டு வந்து மெஷின்மேன் அண்ணன் கையில கொடுத்தேன். வேணாம்னு சொல்வார்னு எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் சொல்லலை. எண்ணிப் பாத்து சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "சரி தம்பி, மெஷின் நிக்குது"ன்னு உள்ள போய்ட்டார்.

அட்டைக் கதைக்கு வர்றேன். இந்தத் தடவை நான் பண்ணது ரொம்ப சிம்பிள். டிஜிட்டல்ல அடிச்ச அட்டையில நண்பருக்குப் பிடிச்ச செம்மண் நிறத்துக்குப் பக்கத்துல வர்ற மாதிரி பன்னெண்டு சின்னக் கட்டங்கள். ஒவ்வொண்ணுக்கும் கீழ அதோட சி.எம்.ஒய்.கே. எண். இன்னொருத்தர் வேலையில வெட்டிக் கழிக்கிற ஓரத்துல இந்தப் பட்டையை வச்சு, நம்ம அட்டை போகப் போற அதே ஆர்ட் போர்டுல அடிச்சுக் கொடுங்கன்னு கேட்டேன். அண்ணாச்சி காசே வாங்கலை. அதுக்கு மேட் லேமினேஷனும் போடச் சொன்னேன், ஏன்னா லேமினேஷன் ஏறினதும் கலர் மறுபடி மாறும். மேட் போட்டா கொஞ்சம் வெளுத்து அடங்கிப்போகும். பன்னெண்டுல ஏழாவது கட்டம் பழைய அட்டையோட ஒத்துப்போச்சு. என் ஸ்கிரீன்ல அந்த ஏழாவது கட்டம் அசிங்கமான காவி மாதிரி தெரிஞ்சுது. தெரிஞ்சுட்டுப் போகட்டும்னு அந்த எண்ணையே வச்சேன். கண்ணு சொல்றதை விட்டுட்டு எண்ணை நம்பறது ஒரு பொட்டி தட்டறவனுக்கே அவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னா பாத்துக்குங்க.

எழுத்துல ஒரு கண்டம் இருந்துச்சு. அட்டைப் பின்பக்கக் குறிப்பு ஆர்.ஜி.பி. கறுப்புல இருந்துச்சு. அதை அந்த அமெரிக்க செட்டிங்ல மாத்தினா சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. கூட்டினா 300 சதவீத மை! பொடி எழுத்தை நாலு பிளேட்ல அடிச்சா, ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தோரத்துல கலர் நிழல் விழும். இங்கிலீஷை விட நமக்கு இது ஜாஸ்தி வலிக்கும். ண, ஞ, இ மாதிரி எழுத்துச் சுழியெல்லாம் அடைஞ்சு புள்ளியாயிடும். கறுப்பு 100, மத்த மூணும் 0ன்னு மாத்தினேன். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா எத்தனை புத்தகத்துப் பின்னட்டையில அந்த நிழலைப் பாத்திருக்கேன் தெரியுமா?

கடைசியா வெளிச்சம். ஜவுளிக்கடையில நம்ம வீட்டுப் பெண்கள் சேலையைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்து வெயில்ல பாக்கறதை எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்போம்? கலர் அறிவியல்ல அதுக்குப் பேரே இருக்கு. மெட்டாமெரிசம். ஒரு வெளிச்சத்துல ஒண்ணாத் தெரியற ரெண்டு கலர் இன்னொரு வெளிச்சத்துல பிரிஞ்சுடும். அச்சுத் தொழிலுக்குன்னு ஐ.எஸ்.ஓ. 3664னு ஒரு தரம் வச்சு, சுமார் 5000 கெல்வின் வெளிச்சத்துலதான் புரூஃபைப் பாக்கணும்னு எழுதியிருக்காங்க. அதுக்குன்னே விளக்குப் பெட்டி வித்துக்கிட்டிருக்காங்க. எங்க பிரஸ்ல அந்தப் பெட்டி கிடையாது. நானும் அண்ணாச்சியும் மெஷின்மேன் அண்ணனும் காலைப் பதினோரு மணிக்கு ஜன்னலோரமா நின்னு மொதல் ஷீட்டைப் பாத்தோம். ஷீட்டுல நான் கையெழுத்துப் போட்டேன். மிச்சம் முந்நூறும் அந்த ஷீட்டைப் பாத்துத்தான் ஓடுச்சு.

இதைப் படிச்சுட்டு "மானிட்டர் காலிபரேட் பண்ற கருவி வாங்கிட்டா எல்லாம் சரியாயிடுமே"ன்னு சிலர் சொல்லுவீங்க. நானும் நண்பர்கிட்ட கடன் வாங்கிப் பண்ணேன். டிஸ்ப்ளே கால்னு இலவச புரோகிராம் இருக்கு, ஆர்ஜில்னு இன்னொண்ணு அதுக்கு அடியில ஓடுது. நல்ல விஷயம்தான். வெளிச்சத்தைக் குறைச்சு, வெள்ளையைச் சரி பண்ணிட்டா பாதி மயக்கம் தெளியும். ஜிம்ப்லயும் ஸ்க்ரைபஸ்லயும் அச்சுல எப்படி வரும்னு முன்கூட்டியே பாக்கிற வசதியும் இருக்கு. ஆனா அச்சுல வராத நீலம் எத்தனை ஆயிரம் ரூபா மானிட்டர் வாங்கினாலும் அச்சுல வராது. நல்ல மானிட்டர் பண்ற உதவி, அந்தக் கெட்ட செய்தியை மூணு வாரம் முன்னாடியே சொல்றது மட்டும்தான். அந்தப் பக்கம் பிரஸ்ஸோட கணக்கு தெரியலைன்னா அதுவும் அரைகுறைதான்.

பிரஸ்காரங்க மேல எனக்குக் கோவமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. ஏற்றுமதிக்குப் புத்தகம் அடிக்கிற பெரிய இடங்கள்ல ஐ.எஸ்.ஓ. 12647-2 வச்சு, கருவியால அளந்து ஓட்டறாங்க. முழு மையோட கலர் இவ்வளவுக்குள்ளதான் விலகலாம்னு அந்தத் தரத்துல எண்ணே இருக்கு. நம்ம ஊர்ச் சின்ன பிரஸ்ல "எந்தப் புரொஃபைல்ல ஃபைல் அனுப்பணும்?"னு கேட்டா "கோரல்ல அனுப்புங்க தம்பி"ன்னு பதில் வருது. கேட்டது என்ன, சொல்றது என்ன! அளவுக்கருவி வாங்க முடியாட்டியும் பரவாயில்லை. தங்களோட மூணு நாலு வகைத் தாள்ல ஒரு கலர் சார்ட்டு அடிச்சுச் சுவத்துல மாட்டி வைக்கலாம், வர்ற ஆளுக்குக் காட்டலாம். ஓரத்துல கழிக்கிற தாள்தானே. அது இல்லாம, வேலை கெட்டா சம்பளத்துல பிடிக்கிறது மட்டும் ஒரு முறையா வச்சிருக்கிறது அநியாயம். இதை அண்ணாச்சிகிட்டயே சொன்னேன். சிரிச்சுக்கிட்டே, "மொதல்ல பாக்கியை ஒழுங்கா கொடுங்க தம்பி, அப்புறம் சார்ட்டு மாட்டறேன்"னார். வாயை மூடிக்கிட்டேன்.

அடுத்த மாசம் அம்மா அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். பத்திரிகை நூறு போதும்னு அப்பா சொல்லிட்டார். பழைய சேலை முந்தானையில ஒரு இழை கேட்டதுக்கு "நல்ல சேலையில போய்க் கத்திரி வைப்பாங்களா?"ன்னு அம்மா முறைச்சாங்க. அப்புறம் அவங்களே உள்ள மடிப்புல தொங்கிக்கிட்டிருந்த ஒரு நூலைப் பிரிச்சு, துண்டுத் தாள்ல சுத்திக் கொடுத்தாங்க. பர்ஸ்ல இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல சிவகாசி போறேன்.

பி.கு.: சென்னையில ஆஃப்செட் தாள்லயே நாலஞ்சு ஷீட் மட்டும் சோதனைக்கு அடிச்சுத் தர்ற இடம் யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. இங்க்ஜெட் புரூஃப் போடற இடம் எனக்கே ரெண்டு தெரியும், அது வேணாம்.